பூட்டிய கதவும் திறந்த கூடமும்

திண்டுக்கல் என்னும் பெயருக்கு ஊரார் கூறும் பொருள் எளிமையானது. சாய்ந்துகொள்ளப் பயன்படும் தலையணையைத் திண்டு என்பர். பரந்த சமவெளியின் நடுவே, யாரோ திண்டு ஒன்றை வைத்துவிட்டுச் சென்றதுபோலத் தனித்துக் கிடக்கும் பாறை மலையே ஊருக்குப் பெயர் தந்தது என்பது வழிவழியாக வரும் விளக்கம். பத்மகிரி என்ற பெயரும் அம்மலைக்கு உண்டு. மலைமேல் கோட்டை, கீழே ஊர் நடுவில் அபிராமி அம்மை அருள்பாலிக்கும் திருக்கோயில். இவ்வூருக்கு மற்றொரு புகழும் உண்டு. கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு, தமிழ்நாட்டுக் கோயில்களிலும் பழைய வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தொங்கி வருவது. 2019-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது.

தலையணையின் பெயரையும் பூட்டின் புகழையும் உடைய இந்த ஊரில், ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்னர், 11 வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு வீட்டின் கதவைப் பூட்டிக்கொண்டு உறங்கிப்போனான். திருச்சுழியில் பிறந்து, படிப்பிற்காகத் திண்டுக்கல்லில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்த அச்சிறுவனின் பெயர் வேங்கடராமன். பின்னாளில் உலகம் அவரைப் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்று வணங்கியது.

அந்த இரவில் நடந்ததைப் பகவானே பிற்காலத்தில் அன்பர்களிடம் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டில் ஏதோ விசேஷம். அது முடிந்து இரவில் எல்லோரும் கோயிலுக்குச் சென்றுவிட்டனர். சிறுவன் மட்டும் தனியே இருந்தான். முன்னறையில் அமர்ந்து சிறிது நேரம் படித்தான். பின்னர் வாயிற்கதவைப் பூட்டி, சன்னல்களையும் சாத்திவிட்டுப் படுத்தான். கோயிலிலிருந்து திரும்பியவர்கள் கூவினார்கள், கதவைத் தட்டினார்கள், சன்னலை இடித்தார்கள். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. இறுதியில் எதிர்வீட்டுச் சாவி ஒன்றைக் கொண்டு எப்படியோ கதவைத் திறந்து உள்ளே நுழைந்தனர். உறங்கும் சிறுவனை எழுப்ப முயன்றனர். எழவில்லை. பிள்ளைகள் எல்லோரும் ஆசை தீர அடித்தார்கள், பெரியவரும் அடித்தார். அப்போதும் எழவில்லை. மறுநாள் காலையில் மற்றவர்கள் சொல்லித்தான் நடந்தது அவனுக்கே தெரிந்தது.

கேட்பவர் சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய நிகழ்ச்சிதான் இது. ஆயினும் அந்தக் கதவின் இருபுறத்தையும் ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். உள்ளே ஒருவன் முழு ஓய்வில் இருக்கிறான். வெளியே இருப்பவர்கள் அவனுக்கு அன்னியர்கள் அல்லர், அவனை வளர்ப்பவர்கள். முதலில் அவர்களுக்கு வந்தது அச்சம், பிறகு கோபம், கோபம் அடியாக மாறிற்று. உள்ளே இருந்தவனோ யாரையும் வெறுத்துக் கதவைப் பூட்டவில்லை. உறக்கம் வந்தது, உறங்கினான். அவ்வளவே.

இதே கதவு இன்றும் பல இல்லங்களில் இருக்கிறது. மனைவியைப் பறிகொடுத்த முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கருமங்கள் முடிந்து, உறவினர் கலைந்து சென்ற பின், அவர் பேச்சைக் குறைத்துவிடுகிறார். தொலைக்காட்சியின் முன் அமர்வதில்லை. திருமண அழைப்பு வந்தால், நீங்கள் போய் வாருங்கள் என்கிறார். மாலையில் கோயிலுக்குச் சென்று, பிராகாரத்தில் ஒரு தூணருகே நெடுநேரம் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறார். மகனுக்குக் கவலை, மருமகளுக்கு, தான் ஏதேனும் குறை வைத்துவிட்டோமோ என்ற மனத்தாங்கல், பேரப்பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எல்லோரும் கதவைத் தட்டுகிறார்கள். அவர் உள்ளே ஓய்வு கொள்கிறாரா, அல்லது உடைந்து கிடக்கிறாரா? வெளியே நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. சில வேளைகளில் உள்ளே இருப்பவருக்கே தெரிவதில்லை.

இந்த ஐயத்திற்கு விடை தேடுவோருக்கு, திண்டுக்கல்லில் கதவைப் பூட்டிய அச்சிறுவனின் பிற்கால வாழ்க்கை முழுவதும் ஒரு விளக்காக நிற்கிறது.

1892-ஆம் ஆண்டு தந்தையார் சுந்தரம் ஐயர் காலமானார். குடும்பம் பிரிந்தது. வேங்கடராமனும் தமையன் நாகசுவாமியும் மதுரையில் சிறிய தந்தையார் சுப்பையரின் இல்லத்தில் வளர்ந்தனர். சொக்கப்ப நாயக்கன் தெருவில் இருந்த அவ்வீட்டில், 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் நடுவில், 16 வயது நிரம்பிய வேங்கடராமனைத் திடீரென்று மரண பயம் பற்றியது. உடலில் நோய் எதுவும் இல்லை. அவன் எவரையும் அழைக்கவில்லை. மருத்துவரைத் தேடவும் இல்லை. பிணம்போலக் கீழே படுத்து, இறப்பது எது என்று தனக்குள்ளேயே நோக்கினான். உடல் இறந்தாலும் இறவாத ஒன்று தன்னுள் ஒளிர்வதை அப்போதே நேராக உணர்ந்தான். வந்த அச்சம் போயிற்று. பிறகு அது திரும்பவே இல்லை.

இதன்பின் ஏறத்தாழ 6 வாரங்கள் அவன் அதே வீட்டில்தான் இருந்தான். அன்பர்கள் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி இது. ஆனால் இல்லறத்தில் இருப்போர் நின்று பார்க்க வேண்டிய பகுதியும் இதுவே. விளையாட்டிலும் நட்பிலும் இருந்த நாட்டம் அற்றது. உணவில் முன்பிருந்த விருப்பு வெறுப்புகள் மறைந்தன. இலையில் எது விழுந்தாலும் ஒன்றே. யாரேனும் கடிந்தால் முன்போல எதிர்த்து நிற்பதில்லை. நூலைத் திறந்து வைத்துக்கொண்டு கண்மூடி அமர்ந்துவிடுவான். மாலைதோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று, அம்மை முன்பும் நடராசப் பெருமான் முன்பும் அறுபத்து மூவர் திருவுருவங்களின் முன்பும் கண்ணீர் பெருக நின்றான். துயரத்தின் கண்ணீர் என்றோ இன்பத்தின் கண்ணீர் என்றோ அதனைப் பிரித்துச் சொல்ல இயலாது.

வீட்டாரின் கண்ணுக்கு இவற்றில் எது தெரிந்தது? படிக்காத பிள்ளை, பொறுப்பற்ற பிள்ளை. அவர்களைக் குறை கூறுவதற்கு இடமில்லை. உள்முகமாகத் திரும்புதலும் சோம்பலும் புறத்தே ஒரே தோற்றம் உடையவை. 1896 ஆகஸ்டு 29-ஆம் நாள், தண்டனையாக இட்ட ஆங்கில இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவன், அதனை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தான். இப்படி இருப்பவனுக்கு இந்தப் படிப்பும் வீடும் எதற்கு என்னும் கருத்தில் தமையன் கடிந்துரைத்தார். அந்தச் சொல் உண்மை என்று வேங்கடராமனுக்குப் பட்டது. தமையனின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று கொடுக்கப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்டான். அக்கடிதம் ‘நான்’ என்று தொடங்கி, பிறகு ‘இது’ என்று மாறி, கையொப்பமின்றியே முடிந்தது.

மதுரையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாகவே திருச்சிக்குப் போகிறது. பூட்டிய கதவுக்குள் உறங்கிய ஊரைக் கடந்து, அவ்வூரின் பாறை மலையைப் பின்னே விட்டு, அந்த வண்டி சென்றது. இம்முறை அவன் உறங்கச் செல்லவில்லை. விழித்தபடியே ஓய்வுகொள்ளச் சென்றான். செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையில் அருணாசலேசுவரர் சந்நிதியில் நின்றான்.

ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்த இளந்துறவியின் மீது ஊர்ச்சிறுவர்கள் கல்லெறிந்தனர். அதனால் அவர் பாதாள லிங்கத்தின் இருளுக்குள் சென்று அமர்ந்தார். பூச்சிகள் கடித்து உடல் புண்ணாயிற்று; அவர் அறியவில்லை. இங்கே ஓர் உண்மையை மறக்கலாகாது. அவர் தம் உடலை மறந்தார். ஆனால் அந்த உடலைப் பிறர் மறக்கவில்லை. சேஷாத்ரி சுவாமிகள் அவருக்குக் காவலாக நின்றார். அன்பர் சிலர் அவரைத் தூக்கி வெளியே கொணர்ந்தனர். உத்தண்டி நாயனார் உடனிருந்தார். பின்னர் வந்த பழனிசுவாமி ஆண்டுக்கணக்கில் உடனிருந்து தொண்டு செய்தார். பிச்சையாகக் கிடைத்த உணவை வாயில் ஊட்டியவர்களும் உண்டு. ஒருவர் உள்ளே சென்று தம்மைக் காண வேண்டுமாயின், வெளியே ஒருவர் ஒரு பிடி சோற்றோடு காத்திருக்க வேண்டியிருக்கிறது. மௌனத்தில் இருந்தவரின் பெருமையைப் பேசும் உலகம், அந்தச் சோற்றுப் பிடியின் பெருமையையும் பேசுதல் தகும்.

இவ்வரலாற்றில் நெஞ்சைக் கனக்கச் செய்யும் ஏடு 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வருகிறது. மகன் இருக்கும் இடம் அறிந்து, அன்னை அழகம்மை மூத்த மகனோடு திருவண்ணாமலைக்கு வந்தார். பவழக்குன்றில் சடைபிடித்த தலையும் அழுக்கேறிய உடலுமாக இருந்தவரைப் பெற்றவள் அடையாளம் கண்டாள். வீட்டுக்கு வா என்று அழைத்தாள். பலகாரங்கள் கொண்டுவந்து வைத்தாள். பல நாள் அழுதாள். மகன் அசையவில்லை, ஒரு சொல்லும் இல்லை. உடனிருந்த பச்சையப்ப பிள்ளை மனம் பொறாமல், ஒரு விடையாவது எழுதித் தரும்படி வேண்டித் தாளும் எழுதுகோலும் கொடுத்தார். அவரவர் வினைப்படி நடப்பது நடந்தே தீரும், நடவாதது நடவாது, ஆதலின் மௌனமே நன்று என்னும் கருத்தில் பகவான் எழுதிக் கொடுத்தார். அன்னை ஊர் திரும்பினார்.

அத்தாயின் கண்ணீரை எந்தத் தத்துவமும் எளிதில் துடைத்துவிடாது. பூட்டிய கதவின் வெளியே நின்ற முதல் ஆள் எப்போதும் தாயே. வரலாறு இந்த இடத்தில் முடிந்திருந்தால், உள்முகமாவது என்பது பிறரைக் கைவிடுவதே என்று ஒருவர் கூறினால் மறுத்துரைப்பது கடினம். ஆனால் வரலாறு இங்கே முடியவில்லை.

1914-ஆம் ஆண்டு, விரூபாக்ஷ குகையில் மகனைக் காண வந்த அன்னை கடுங்காய்ச்சலில் விழுந்தார். பகவான் அருகிருந்து பணிவிடை செய்தார். அன்னையின் நலம் வேண்டி அருணாசலப் பெருமானை நோக்கி நான்கு பாடல்கள் இயற்றினார். நடப்பது நடக்கும் என்று எழுதிக் கொடுத்த அதே கை, தாய்க்காக வேண்டுதலை எழுதிற்று. 1916-இல் அன்னை மகனுடனேயே வாழ வந்துவிட்டார். ஸ்கந்தாசிரமத்தில் அவர் அடுப்பு மூட்டினார். அங்கே சமையல் தொடங்கியது. தம்பி நாகசுந்தரமும் துறவு பூண்டு உடன் வந்து சேர்ந்தார். வீட்டை விட்டுச் சென்றவரைத் தேடி வீடே வந்தது. அவரும் கதவைச் சாத்தவில்லை. 1922 மே 19-ஆம் நாள், அன்னையின் இறுதி நாளில், பகவான் பகல் முழுவதும் அருகே அமர்ந்து, ஒரு கையை அன்னையின் நெஞ்சிலும் மற்றொன்றைத் தலையிலும் வைத்து, உயிர் அமைதியில் ஒடுங்கும் வரை எழவில்லை. 1898-இல் திரும்பிப் பாராதிருந்தவர் அன்று ஒரு நொடியும் அகலவில்லை. மலையடிவாரத்தில் அன்னை சமாதி கொண்ட இடத்திற்கே அவ்வாண்டு டிசம்பரில் பகவானும் வந்து தங்கினார். அதுவே இன்றைய ரமணாசிரமம்.

இங்கே பகவான் அடிக்கடி கூறிய ஒரு பழங்கதை நினைவுகூரத் தக்கது. கங்கைக் கரையில் தவம் செய்த யோகி ஒருவர், தாகம் எடுத்துச் சீடனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் வருவதற்குள் ஆழ்ந்த நிட்டையில் மூழ்கிவிட்டார். ஆண்டுகள் பல உருண்டன, சீடன் மறைந்தான், ஆட்சிகள் மாறின. நிட்டை கலைந்து கண்விழித்ததும் யோகியின் வாயில் வந்த முதற்சொல், தண்ணீர் எங்கே என்பதே! மனம் அழியவில்லை, ஒடுங்கித்தான் இருந்தது. ஒடுங்கியது ஒடுங்கியபடியே எழுந்து வந்தது. மனம் தற்காலிகமாக ஒடுங்குவதை மனோலயம் என்றும், வேரோடு அடங்குவதை மனோநாசம் என்றும் பகவான் பிரித்துக் காட்டினார்.

ஒதுங்கி இருக்க விரும்பும் முதியோர் தம்மை அளந்துகொள்ள இதைவிடச் சிறந்த அளவுகோல் வேண்டுவதில்லை. பத்து நாள் பேசாதிருந்துவிட்டு, பேசத் தொடங்கும்போது முதற்சொல் பழைய மனக்குறையாகவே இருக்குமாயின், அந்த மௌனம் கோபத்தைப் பூட்டி வைத்த பெட்டியே, ஓய்வு அன்று. பேசாத நாள்களின் பின் குரல் தணிந்து, பேரக்குழந்தையின் சத்தம் சற்றே பொறுக்கத் தக்கதாகி, மருமகள் தரும் காப்பியில் குறை தோன்றாது போகுமாயின், உள்ளே ஏதோ நல்லது நிகழ்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். உறக்கத்தில் எல்லோருக்கும் துயரம் இல்லை என்பதைப் பகவான் எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. உறக்கத்தில் அறியாமல் கிட்டும் அந்த அமைதியை விழிப்பில் அறிந்து அடைவதே ‘நான் யார்’ என்னும் விசாரம். திண்டுக்கல்லில் அவர் உறங்கிய உறக்கத்திற்கும் அருணையில் வீற்றிருந்த நிலைக்கும் இடைப்பட்ட தொலைவு அதுவே.

அந்தத் தொலைவுக்கு ஒரு சான்றும் உண்டு. 1924 ஜூன் 26-ஆம் நாள் இரவு, ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தனர். சன்னலை உடைத்தவர்களை நோக்கி, கதவைத் திறந்துவிடுகிறோம், உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று பகவான் கூறினார். அவரையும் அவர்கள் தொடையில் அடித்தனர். மனநிறைவில்லையேல் மற்றொரு காலிலும் அடிக்கலாம் என்றார். பதிலடி கொடுக்கத் துடித்த அன்பரைத் தடுத்துவிட்டார். சிறுவயதில் திண்டுக்கல்லில் அடி விழுந்தது. அவர் உறங்கியதால் அது அவரை எட்டவில்லை. இப்போதும் அடி விழுந்தது. முழு விழிப்பிலும் அது அவரை எட்டவில்லை. அன்று கதவு பூட்டியிருந்தது. இன்று திருடனுக்கும் கதவு திறக்கப்பட்டது.

பின்னர்ப் பல ஆண்டுகள், பகவான் வீற்றிருந்த கூடமே அவர் உறங்குமிடமும் ஆயிற்று. அன்பர்கள் எந்நேரமும் அங்கே வந்து காணலாம். விடியுமுன் எழுந்து, அடுக்களையில் மற்றவர்களோடு அமர்ந்து காய் நறுக்கினார். இல்லறத்தை விட்டு ஓடிவிடலாமா என்று கேட்டு வந்த பலரை அவர் தடுத்து, இருக்கும் இடத்திலேயே இருந்து உள்ளே நோக்கும்படி திருப்பி அனுப்பினார். தாம் சென்ற வழி எல்லோருக்கும் உரியதன்று என்பதை அவரே அறிந்திருந்தார்.

ஆகவே ஒதுக்கத்தை நாடும் பெரியவர்கள் செய்யத் தக்கது ஒன்று உண்டு. கதவைச் சாத்துமுன் ஒரு சொல் சொல்லிவிடலாம். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சிறிது காலம் அமைதியாக இருக்க விரும்புகிறேன். உணவு வேளைக்கு வந்துவிடுவேன் என்னும் மூன்று வாக்கியங்கள் போதும். மதுரையில் வைத்துவிட்டுப் போன கடிதத்தைவிட அது இல்லத்தாருக்கு ஆறுதல் தரும். இல்லத்தார் செய்யத் தக்கதும் ஒன்று உண்டு. திண்டுக்கல்லில் கதவைத் திறந்தது கூச்சலும் அன்று, அடியும் அன்று. எதிர்வீட்டிலிருந்து வந்த ஒரு சாவி. முதியவரின் பழைய நண்பராகவோ, கோயில் குருக்களாகவோ, அவர் மடியில் வளர்ந்த பேத்தியாகவோ அந்தச் சாவி இருக்கலாம். உணவு செல்லாமல், உறக்கம் வராமல், உயிர்வாழும் விருப்பமே குன்றிவிட்டதாகத் தோன்றினால், அது ஓய்வன்று, நோய். அப்போது காத்திருத்தல் தகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே கடமை. பாதாள லிங்கத்திலிருந்து பகவானைத் தூக்கி வந்தவர்களும் அதனைத்தான் செய்தார்கள்.

மாலையில் அபிராமி அம்மை சந்நிதியில் தீபாராதனை முடிந்து, பிராகாரத்தில் தனியே அமர்ந்திருக்கும் முதியவர் எவரையேனும் கண்டால், அவர் எதையோ இழந்தவர் என்று இரங்கிவிட வேண்டுவதில்லை. எதையோ தேடுபவராகவும் அவர் இருக்கலாம். அவர் வீடு திரும்பும்போது வாயிற்கதவு சாத்தியிருக்கலாம். உட்தாழ் இடாமல் இருந்தால் போதும். சாதம் மூடி வைக்கப்பட்டிருந்தால் போதும். மற்றதை உள்ளிருக்கும் பரம்பொருள் பார்த்துக்கொள்ளும்.